முற்றிய சிறுநீரகப் புற்றுநோய்: முதல் சிகிச்சைக்கு இரண்டு ஊசிகளா, ஊசியும் மாத்திரையுமா?

சிறுநீரகப் புற்றுநோய் நுரையீரலுக்கோ எலும்புக்கோ பரவியிருப்பது ஸ்கேனில் தெரிந்த பிறகு, புற்றுநோய் மருத்துவர் பெரும்பாலும் இரண்டு வழிகளை முன்வைப்பார். ஒன்று, நிவோலுமாப், இபிலிமுமாப் என்ற இரண்டு இம்யூனோதெரபி (உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும்) மருந்துகளைச் சேர்த்து ஊசியாக ஏற்றுவது. இன்னொன்று, ஒரே ஒரு இம்யூனோதெரபி ஊசியோடு, கட்டிக்கு ரத்தம் கொண்டுபோகும் புது நாளங்களை முடக்கும் மாத்திரையைத் தினமும் சாப்பிடுவது. இந்த இரண்டாம் வழியில் மூன்று ஜோடிகள் முன்னணியில் இருக்கின்றன: பெம்ப்ரோலிசுமாப்–ஆக்சிடினிப், நிவோலுமாப்–காபோசான்டினிப், பெம்ப்ரோலிசுமாப்–லென்வாடினிப். அவெலுமாப்–ஆக்சிடினிப் என்று இன்னொரு ஜோடியும் உண்டு. சுனிடினிப்பைவிட ஆயுளை நீட்டுகிறது என்பதை அதன் ஆய்வு நிரூபிக்கவில்லை என்பதால் அதை இங்கே சேர்க்கவில்லை.

இந்த இரண்டு வழிகளையும் நேருக்கு நேர் வைத்து எது மேல் என்று தீர்த்த பெரிய ஆய்வு இல்லை. ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி ஆய்வில், சுனிடினிப் என்ற பழைய மாத்திரையோடுதான் ஒப்பிடப்பட்டது. சேர்ந்த நோயாளிகளும் ஒரே மாதிரி இல்லை. லென்வாடினிப் ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஆபத்து குறைந்த பிரிவைச் சேர்ந்தவர் (இந்தப் பிரிவுகளைப் பிரிக்கும் கணக்கு பின்னால் வரும்). இரட்டை ஊசியைச் சோதித்த செக்மேட் 214 ஆய்வில் அப்படிப்பட்டவர்கள் நான்கில் ஒருவருக்கும் குறைவு. ஆகவே ஒரு ஆய்வின் மாதக் கணக்கை எடுத்து இன்னொன்றின் பக்கத்தில் வைத்து "இது இரண்டு மடங்கு நல்லது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

எங்கள் பார்வையில் இந்தத் தேர்வு இரண்டு கேள்விகளில் நிற்கிறது. அடுத்த மூன்று மாதத்துக்குள் கட்டி சுருங்கியே ஆக வேண்டுமா? அப்படி அவசரம் இல்லையென்றால், பல ஆண்டுகள் நீடிக்கக்கூடிய பலனுக்காக முதல் சில மாதங்களின் அபாயத்தை ஏற்க நோயாளியும் குடும்பமும் தயாரா? மற்ற எல்லாக் கணக்கும் இதற்குப் பிறகுதான்.

சொல்லப்போவதெல்லாம் கிளியர் செல் வகைக்கு உரியது. சிறுநீரகப் புற்றுநோயில் முக்கால்வாசி இந்த வகைதான். பயாப்சி அறிக்கையில் பாப்பிலரி, குரோமோஃபோப் என்று இருந்தால் கணக்கு மாறும். அந்த வகைகளுக்குப் பெம்ப்ரோலிசுமாப்–லென்வாடினிப் ஜோடியை 158 பேரிடம் சோதித்ததில் ஏறத்தாழ பாதிப்பேருக்குக் கட்டி சுருங்கியது. குரோமோஃபோப் வகையில் பலன் அதைவிடக் குறைவு. எனவே சிகிச்சையைப் பற்றிப் பேசும் முன் பயாப்சி அறிக்கையைக் கையில் எடுத்து வகையைப் பாருங்கள். அதிலேயே "சார்கோமடாய்ட்" என்ற சொல் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது ஏன் என்று பிறகு வரும்.

ரிஸ்க் கணக்கைச் சரியாகப் போடுவது

கனடாவின் கால்கரியைச் சேர்ந்த டேனியல் ஹெங்கும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட, நோயின் ஆபத்தைப் புள்ளி போட்டுப் பிரிக்கும் ஐஎம்டிசி கணக்குதான் இன்றும் உலகெங்கும் புழங்குகிறது. ஆறு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. நோய் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதிலிருந்து மருந்து தொடங்கும் நாள்வரை ஓராண்டுக்குள் இருந்தால் ஒன்று. கர்னாஃப்ஸ்கி அளவில் உடல் இயக்கம் 80-க்குக் கீழே, அதாவது தன் வேலைகளைத் தானே பார்த்துக்கொண்டாலும் வழக்கமான உழைப்பைச் செய்ய முடியாத நிலை, ஒன்று. ஹீமோகுளோபின் ஆய்வகத்தின் கீழ் எல்லைக்குக் குறைவு. கால்சியம் மேல் எல்லைக்கு மேல். நியூட்ரோபில் மேல் எல்லைக்கு மேல். பிளேட்லெட் மேல் எல்லைக்கு மேல். பூஜ்யம் என்றால் ஆபத்து குறைந்த பிரிவு, ஒன்றோ இரண்டோ என்றால் இடைநிலை, மூன்றும் அதற்கு மேலும் என்றால் ஆபத்து மிகுந்த பிரிவு.

எளிய கணக்குதான். ஆனாலும் அவசரத்தில் தப்பிப்போகும். அதிகம் தப்புவது கால்சியம். ரிப்போர்ட்டில் வரும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. ஆல்புமின் குறைவாக இருந்தால் திருத்த வேண்டும். 4-இலிருந்து ஆல்புமினைக் கழித்து, 0.8-ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டுங்கள். கால்சியம் 9.8, ஆல்புமின் 2.8 என்று வைத்துக்கொள்வோம். பார்த்தால் கால்சியம் சரியாக இருப்பதுபோல் தெரியும். திருத்தினால் 10.76, பெரும்பாலான ஆய்வகங்களின் மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. அவருக்கு ஏற்கெனவே ரத்தசோகைக்கு ஒன்று, ஓராண்டுக்குள் மருந்து தொடங்குவதற்கு ஒன்று என இரண்டு புள்ளிகள் இருந்தால், இந்த ஒரு திருத்தத்திலேயே இடைநிலையிலிருந்து ஆபத்து மிகுந்த பிரிவுக்குப் போய்விடுவார்.

நியூட்ரோபில் விஷயத்திலும் கவனம் வேண்டும். சிறுநீர்த் தொற்று இருந்தாலோ, மூளையில் பரவியதற்காக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஓடிக்கொண்டிருந்தாலோ நியூட்ரோபில் ஏறித்தான் இருக்கும். அது நோயின் வேகத்தைக் காட்டும் எண் அல்ல. தொற்று அடங்கிய பிறகு ஒரு முறை எடுத்த ரத்தப் பரிசோதனையை வைத்துக் கணக்குப் போடுவது நல்லது.

இரண்டு ஊசிகள்: குறைவான பேருக்கு, நீண்ட காலம்

நிவோலுமாப், எதிர்ப்புச் சக்தியின் படைவீரர்களான டி செல்களின் பிடி-1 என்ற தடையை நீக்குகிறது. இபிலிமுமாப் சிடிஎல்ஏ-4 என்ற இன்னொரு தடையை நீக்குகிறது. முன்னது கட்டிக்குள் சோர்ந்துபோய்க் கிடக்கும் செல்களைத் திரும்ப வேலைக்கு இழுக்கிறது. பின்னது நிணநீர் முடிச்சுகளில் புதுப் படையையே உருவாக்குகிறது. நீடித்த பலனும் கடுமையான பக்கவிளைவும் வருவதற்குக் காரணம் இந்த இரண்டாவது வேலைதான்.

கொடுக்கும் முறை: கிலோவுக்கு 3 மி.கி. நிவோலுமாப், அதே நாளில் அதைத் தொடர்ந்து கிலோவுக்கு 1 மி.கி. இபிலிமுமாப், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் நான்கு தடவை. அதோடு இபிலிமுமாப் முடிந்தது. பிறகு நிவோலுமாப் மட்டும், இரண்டு வாரத்துக்கு 240 மி.கி. அல்லது நான்கு வாரத்துக்கு 480 மி.கி.

1,096 பேர் சேர்ந்த செக்மேட் 214 ஆய்வின் அடிப்படையில் அமெரிக்காவின் மருந்து அனுமதி அமைப்பான எஃப்டிஏ 2018 ஏப்ரலில் இடைநிலை, ஆபத்து மிகுந்த பிரிவினருக்கு இதை அனுமதித்தது. எட்டு ஆண்டுத் தொடர்கணிப்பில் இந்த இரு பிரிவினரின் ஆயுட்காலத்தின் இடைநிலை மதிப்பு (பாதிப்பேர் தாண்டிய காலம்) 46.7 மாதம், சுனிடினிப் பெற்றவர்களுக்கு 26 மாதம். கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது 42 சதவீதம் பேருக்கு. மற்ற ஜோடிகளோடு பார்த்தால் இந்தச் சதவீதம் சிறியது. ஆனால் சுருங்கியவர்களிடம் அந்தப் பலன் எவ்வளவு காலம் நின்றது என்று பாருங்கள்: இடைநிலை மதிப்பு 82.8 மாதம், கிட்டத்தட்ட ஏழு ஆண்டுகள். மாத்திரை சேர்ந்த மூன்று ஜோடிகளிலும் இதே கணக்கு 22 முதல் 27 மாதம் வரைதான். ஆய்வுகளைக் குறுக்கே ஒப்பிடக் கூடாது என்று மேலே சொன்னோம். ஆனாலும் இவ்வளவு பெரிய இடைவெளியைக் கண்டுகொள்ளாமல் போக முடியாது.

சார்கோமடாய்ட் மாற்றம் உள்ள கட்டிகள் வேகமாக வளர்பவை, பழைய மருந்துகளுக்கு மசியாதவை. அவற்றில் இரட்டை ஊசிக்கு 60.8 சதவீதம் பேரிடம் பலன் கிடைத்தது, ஆயுட்காலம் 14.2 மாதத்திலிருந்து 48.6 மாதமாக உயர்ந்தது. அறிக்கையில் அந்தச் சொல்லைத் தேடச் சொன்னது இதற்காகத்தான்.

மறுபக்கத்தையும் அதே அழுத்தத்தோடு சொல்ல வேண்டும். ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு முதல் ஸ்கேனிலேயே நோய் வளர்ந்திருக்கும். மருந்து அவர்களிடம் வேலையே செய்யவில்லை. மருந்தின் பக்கவிளைவால் சிகிச்சையை நிறுத்த வேண்டி வந்தவர்கள் 22 சதவீதம். உயர் அளவு ஸ்டீராய்டு தேவைப்பட்டவர்கள் ஏறத்தாழ 28 சதவீதம்.

ஊசியும் மாத்திரையும்: பெரும்பாலோருக்கு, விரைவாக

பெம்ப்ரோலிசுமாப் 200 மி.கி. மூன்று வாரத்துக்கு ஒரு முறை, ஆக்சிடினிப் 5 மி.கி. காலையும் மாலையும்: இது 2019-இல் வந்தது. 861 பேர் ஆய்வில் 60 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. நோய் கட்டுக்குள் இருந்த காலம் 15.7 மாதம், ஆயுட்காலம் 47.2 மாதம் (சுனிடினிப்புக்கு 40.8). நிவோலுமாப்போடு காபோசான்டினிப் 40 மி.கி. தினம் ஒரு வேளை, 2021 ஜனவரியில் வந்தது: 56 சதவீதம், 16.4 மாதம், 46.5 மாதம் (சுனிடினிப்புக்கு 35.5). பெம்ப்ரோலிசுமாப்போடு லென்வாடினிப் 20 மி.கி. தினம் ஒரு வேளை, அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது: 71 சதவீதம், 23.9 மாதம். இந்தக் கடைசி ஜோடியில்தான் சுருங்கும் விகிதமும், கட்டி முழுக்க மறைந்தவர்களின் விகிதமும் (18 சதவீதம்) அதிகம். ஆனால் ஆயுட்காலம் 53.7 மாதம், சுனிடினிப் பிரிவில் 54.3. ஆரம்பத்தில் நன்றாக விலகியிருந்த இரண்டு கோடுகள் ஆண்டுகள் போகப்போக நெருங்கிவிட்டன. சுனிடினிப் பெற்றவர்கள் பலர் பிறகு இம்யூனோதெரபி எடுத்துக்கொண்டது இதற்கு ஒரு காரணம். எப்படியிருந்தாலும், 71 என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம்.

மூன்று ஜோடிகளிலும் முதல் ஸ்கேனிலேயே நோய் வளர்ந்தவர்கள் 5 முதல் 11 சதவீதம் மட்டுமே. இந்த வழியின் உண்மையான பலம் இதுதான். நூறு பேரை மருந்தில் வைத்தால் எண்பது பேருக்கு மேல் நோய் சுருங்கும் அல்லது அசையாமல் நிற்கும்.

பெம்ப்ரோலிசுமாப் அதிகபட்சம் 35 தவணை, அதாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டு. நிவோலுமாப்–காபோசான்டினிப் ஜோடியிலும் ஊசிக்கு இரண்டு ஆண்டு வரம்பு. மாத்திரை அதற்குப் பிறகும் ஓடும். முதல் மாதத்தில் யாரும் யோசிக்காத விஷயம் இது. மூன்றாவது ஆண்டிலும் தினமும் காலையில் மாத்திரை, அதோடு வரும் களைப்பு, பாத எரிச்சல், ரத்த அழுத்த மாத்திரைகள் எல்லாம் கூடவே இருக்கும்.

யாருக்கு எதை

முதுகெலும்பில் கட்டி, மூச்சு வாங்க வைக்கும் அளவுக்கு நுரையீரலில் நோய், கல்லீரலில் பெரிய சுமை, வலிக்கு மார்ஃபின் ஓடும் நிலை: இவர்களுக்குக் காத்திருக்க நேரமில்லை. ஊசியும் மாத்திரையும்தான். எலும்பில் அதிகம் பரவியிருந்தால் காபோசான்டினிப் உள்ள ஜோடியைப் பலர் விரும்புகிறார்கள். எங்களுக்கும் அதுவே சரியாகப் படுகிறது. கட்டியின் மொத்தச் சுமை மிக அதிகம், நோயாளி இளையவர், இதயமும் ரத்த அழுத்தமும் நன்றாக இருக்கின்றன என்றால் லென்வாடினிப்பை எடுக்கலாம்.

இடைநிலை அல்லது ஆபத்து மிகுந்த பிரிவு, ஆனால் நோயாளி நடமாடிக்கொண்டு இருக்கிறார், அறிகுறி குறைவு, அறிக்கையில் சார்கோமடாய்ட் உண்டு என்றால் இரட்டை ஊசிக்குத்தான் எங்கள் ஓட்டு. இபிலிமுமாப்பின் முழுப் பலனும் அதை ஆரம்பத்திலேயே கொடுத்தால்தான் கிடைக்கிறது. முதலில் நிவோலுமாப் மட்டும் கொடுத்து, பலன் வராதவர்களுக்குப் பிறகு இபிலிமுமாப் சேர்த்த ஆய்வுகளில் முழுமையாக நோய் மறைந்தவர்கள் மிகக் குறைவு. மாத்திரையைப் பின்னால் எடுக்கலாம். இந்த வாய்ப்பு பின்னால் அதே வடிவில் வராது.

அண்மையில் மாரடைப்பு, பக்கவாதம், ரத்தம் கக்கிய வரலாறு, ஆறாத அறுவைப் புண் இருந்தால் மாத்திரை ஆபத்து. இரட்டை ஊசி பக்கம் போகலாம். மாறாக, குரோன்ஸ், மயஸ்தீனியா போன்ற கடுமையான தன்னெதிர்ப்பு நோய் இருந்தால் இபிலிமுமாப் வேண்டாம். சிலருக்கு எந்த இம்யூனோதெரபியுமே வேண்டாம், மாத்திரை மட்டும் போதும். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தியவர்களுக்கு இந்த ஊசிகளால் அந்தச் சிறுநீரகத்தையே உடல் நிராகரித்துவிடும் அபாயம் உண்டு. அதே சமயம், ஒரே சிறுநீரகம் இருப்பதோ டயாலிசிஸ் ஓடுவதோ இந்த ஊசிகளுக்குத் தடையல்ல. இவை ஆன்டிபாடிகள், சிறுநீரகம் வழியே வெளியேறுபவை அல்ல. குடும்பத்தினர் பலர் இதை நினைத்துத்தான் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

பூஜ்யப் புள்ளி உள்ள, ஆபத்து குறைந்த பிரிவினருக்குக் கணக்கு வேறு. செக்மேட் 214-இல் இவர்களிடம் இரட்டை ஊசிக்குக் கட்டி சுருங்கியது 30 சதவீதம், சுனிடினிப்புக்கு 52. நோய் கட்டுக்குள் இருந்த காலமும் 12.4 மாதம், சுனிடினிப்புக்கு 28.9. மாத்திரை சேர்ந்த ஜோடிகள் நோயை நீண்ட காலம் கட்டுக்குள் வைத்தாலும், இந்தப் பிரிவில் ஆயுளை நீட்டியதாக எதுவும் காட்டவில்லை. நோய் மெதுவாக நகர்கிறது, சிறு சிறு நுரையீரல் புள்ளிகள் மட்டும், அறிகுறி இல்லை என்றால் மருந்தே தொடங்காமல் மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பதும் முறையான வழிதான். 2016-இல் வெளியான 52 பேர் ஆய்வில் அப்படிக் கண்காணித்தவர்கள் மருந்து தொடங்காமல் இருந்த காலத்தின் இடைநிலை மதிப்பு 14.9 மாதம். சும்மா இருப்பதாக நினைத்துக் குடும்பம் பதறும். பதற வேண்டியதில்லை, பக்கவிளைவு இல்லாத ஓராண்டு பெரிய சொத்து.

மூன்றையும் சேர்த்துப் போட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. காபோசான்டினிப், நிவோலுமாப், இபிலிமுமாப் மூன்றையும் சேர்த்த காஸ்மிக் 313 ஆய்வில் நோய் கட்டுக்குள் இருந்த காலம் கூடியது, ஆயுட்காலம் கூடவில்லை, கடும் பக்கவிளைவு 41-இலிருந்து 73 சதவீதமாக ஏறியது. வேண்டாம்.

வயிற்றுப்போக்கு வந்தால்

வீட்டில் அதிகம் குழப்பம் வருவது இங்கேதான். மாத்திரையும் வயிற்றுப்போக்கு தரும். இம்யூனோதெரபியும் பெருங்குடல் அழற்சியால் தரும். முன்னதற்கு லோபெரமைடும் ஓஆர்எஸ்சும் போதும். பின்னதற்கு ஸ்டீராய்டு வேண்டும். லோபெரமைடு கொடுத்து மூடி மறைத்தால் குடல் ஓட்டை விழும்வரை தெரியாமல் போகலாம்.

பிரித்தறிய உதவுவது மாத்திரையின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம். ஆக்சிடினிப் சில மணி நேரத்தில் உடம்பை விட்டுப் போய்விடும் (2.5 முதல் 6 மணி). ஆகவே நிறுத்தி இரண்டு மூன்று நாளில் வயிறு சரியானால் அது மாத்திரையின் வேலை. சரியாகாவிட்டால் இம்யூனோதெரபியைச் சந்தேகிக்க வேண்டும். லென்வாடினிப்புக்கு 28 மணி நேரம், ஒரு வாரம் பார்க்க வேண்டும். காபோசான்டினிப்புக்கு ஏறத்தாழ 99 மணி நேரம். நிறுத்தி இரண்டு மூன்று வாரமானாலும் மருந்து மிச்சம் இருக்கும். அதனால் அந்த ஜோடியில் நிறுத்திப் பார்க்கும் சோதனை அவ்வளவாகக் கைகொடுக்காது. சீக்கிரமே சிக்மாய்டோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் குழாய் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து பார்ப்பது மேல். கல்லீரல் நொதிகள் ஏறும்போதும் இதே தர்க்கம்தான். பெம்ப்ரோலிசுமாப்–ஆக்சிடினிப் ஜோடியில் இந்த ஏற்றம், ஒவ்வொரு மருந்தையும் தனியாகக் கொடுக்கும்போது வருவதைவிட அதிகம்.

மலத்தில் ரத்தம் அல்லது சளி, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, வயிற்றைப் பிடித்து இழுக்கும் வலி, காய்ச்சல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் எத்தனை நாள் என்று பார்க்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முதல் ஆறு தடவை கூடினால் ஊசியை நிறுத்தி, கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.கி. பிரெட்னிசோலோன். ஏழோ அதற்கு மேலோ என்றால் மருத்துவமனையில் சேர்த்து கிலோவுக்கு 1 முதல் 2 மி.கி. மூன்று முதல் ஐந்து நாளில் அடங்காவிட்டால் அழற்சியை அடக்கும் ஊசிகளான இன்ஃப்ளிக்சிமாப் அல்லது வெடோலிசுமாப். அடங்கிய பிறகு ஸ்டீராய்டை நான்கு முதல் ஆறு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வயிறு சரியாகிவிட்டதே என்று ஒரு வாரத்தில் நிறுத்துபவர்களுக்குத்தான் இரண்டாவது தடவை, இன்னும் மோசமாக வருகிறது. 20 மி.கி.க்கு மேல் நான்கு வாரம் தாண்டும் என்றால் நுரையீரல் தொற்றைத் தடுக்கக் கோட்ரிமாக்சசோலும் சேர்க்க வேண்டும்.

இபிலிமுமாப்பில் இன்னொன்று: இரண்டாம் மூன்றாம் மாதத்தில் தலைவலி, எழுந்து நிற்க முடியாத அசதி, சோடியம் குறைவு வந்தால் பிட்யூட்டரி சுரப்பி பாதிக்கப்பட்டிருக்கலாம். தைராய்டு குறைவாக இருக்கிறது என்று நேராகத் தைராக்சின் கொடுத்துவிடக் கூடாது. காலை எட்டு மணி கார்ட்டிசாலை (உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டு) பார்த்து, அதுவும் குறைந்திருந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்சின். வரிசை மாறினால் நோயாளி மயங்கி விழும் நிலைக்குப் போகலாம். அரிதாக இதயத் தசையும் வீங்கும். நெஞ்சுவலியோடு இமை தொங்கினாலோ, கழுத்தைத் தூக்க முடியாவிட்டாலோ அன்றைக்கே டிரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), ஈசிஜி.

மாத்திரை பக்கம் அன்றாடம் படுத்துவது ரத்த அழுத்தம். லென்வாடினிப் ஜோடியில் கால்வாசிப் பேருக்கு மேல் கடுமையாக ஏறியது. மருந்து தொடங்கும் முன்பே அழுத்தம் கட்டுக்குள் வர வேண்டும். வீட்டில் ஒரு பிபி மெஷின் வாங்கி முதல் இரண்டு மாதம் தினமும் குறித்துவைக்க வேண்டும். 160/100-க்கு மேல் நின்றால் மாத்திரையை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். அம்லோடிபின், டெல்மிசார்டன் போன்றவை சரி; டில்டியாசெம், வெராபமில் வேண்டாம், அவை ஆக்சிடினிப், காபோசான்டினிப் அளவை உடம்பில் ஏற்றிவிடும். கிரேப்ஃப்ரூட்டும் அதன் உறவான பம்பளிமாசும் அப்படியே.

உள்ளங்கால் எரிச்சலுக்கு, மாத்திரை தொடங்கும் நாளிலிருந்தே யூரியா கிரீமைத் தடவத் தொடங்க வேண்டும். வெடித்த பிறகு தடவினால் எரியும். பழைய தோல் தடிப்புகளை முன்கூட்டியே எடுத்துவிடுவது, வீட்டுக்குள்ளும் மெத்தென்ற செருப்பு, வயல் வேலையும் வெறுங்கால் நடையும் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். வாய்ப்புண்ணுக்குக் காரத்தைக் குறைத்து, உப்பு-சோடா நீரில் கொப்பளிக்க வேண்டும்.

அளவைக் குறைப்பது தோல்வி அல்ல. லென்வாடினிப் ஆய்வில் மூன்றில் இரண்டு பேருக்கு மேல் அளவு குறைக்கப்பட்டது. படிகள் 20, 14, 10, 8. அந்த ஆய்வின் நல்ல எண்களெல்லாம் இப்படிக் குறைத்துச் சாப்பிட்டவர்களையும் சேர்த்து வந்தவை. பக்கவிளைவை மறைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு முழு அளவைச் சாப்பிட்டு, கடைசியில் மொத்தமாக நிறுத்துவதுதான் உண்மையான இழப்பு.

காபோசான்டினிப் மாத்திரையை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும்: சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன். படுக்கப் போகும் நேரம் வசதி. மற்ற இரண்டுக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லை. பல் பிடுங்குவதாக இருந்தாலும் அறுவைக்கு முன் சொல்லுங்கள்: ஆக்சிடினிப்பை இரண்டு நாள், லென்வாடினிப்பை ஒரு வாரம், காபோசான்டினிப்பை மூன்று வாரம் முன்பே நிறுத்த வேண்டும்.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

ரத்த அணுக்கள், கல்லீரல், கிரியாட்டினின், சர்க்கரை, தைராய்டு, காலைக் கார்ட்டிசால், சிறுநீரில் புரதம், ஈசிஜி, டிரோபோனின், ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி. முடிந்தால் மூளை எம்ஆர்ஐ. சிறு மூளைக் கட்டிகளுக்கு முதலில் குறிவைத்த கதிர்வீச்சு கொடுப்பது நல்லது. தைராய்டை அதன்பின் ஆறு வாரத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும்.

நம் ஊரில் காசநோயைத் தனியாக யோசிக்க வேண்டும். பழைய காசநோய்த் தழும்பு இருந்தால் குறித்துவைக்க வேண்டும். ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்சிமாப்போ தேவைப்படும் நாளில் அது திரும்பக் கிளம்பலாம். ஏற்கெனவே காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் ஓடுகிறது என்றால் ஆக்சிடினிப், காபோசான்டினிப் இரண்டின் அளவும் உடம்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இறங்கிவிடும்; மாத்திரை சாப்பிட்டும் சாப்பிடாத கணக்குதான். லென்வாடினிப் அவ்வளவு பாதிக்கப்படுவதில்லை.

சிறுநீரகத்தை முதலில் எடுத்துவிடலாமா என்ற கேள்வியும் வரும். 2018-இல் வந்த கார்மினா ஆய்வு, இடைநிலை, ஆபத்து மிகுந்த பிரிவினருக்கு முதலில் அறுவை செய்வது கூடுதல் பலன் தரவில்லை என்று காட்டியது. மருந்தைத் தொடங்கி, நன்றாகச் சுருங்கினால் பிறகு எடுப்பதைப் பற்றிப் பேசலாம். அடங்காத ரத்தப்போக்கு, வலி இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

செலவு

இங்கே வெட்கப்படாமல் மருத்துவரிடம் பேச வேண்டும். 60 கிலோ நோயாளிக்கு ஒரு தவணையில் 180 மி.கி. நிவோலுமாப், 60 மி.கி. இபிலிமுமாப். இபிலிமுமாப் 50, 200 மி.கி. குப்பிகளில் வருகிறது, 10 மி.கி.க்காக இன்னொரு குப்பியை உடைக்க வேண்டும். அதே நாளில் இன்னொரு நோயாளி இருந்தால் குப்பியைப் பகிர முடியுமா என்று கேளுங்கள். இந்த வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் நான்கு தவணைக்கும் மருந்து கையில் கிடைக்குமா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். இரண்டாவதோடு நின்றுபோனால் தேர்வின் அர்த்தமே போய்விடும்.

பெம்ப்ரோலிசுமாப் 100 மி.கி. குப்பி, ஒரு தவணைக்கு இரண்டு, இரண்டு ஆண்டுக்கு அதிகபட்சம் 70. கனடாவில் கிலோவுக்கு 2 மி.கி., 200-ஐத் தாண்டாமல், என்று எடைக்கேற்பக் கொடுக்கும் வழக்கம் உண்டு. 50 கிலோ நோயாளிக்கு அது ஒரே குப்பி. மருத்துவரிடம் கேட்கத் தகுந்த கேள்வி இது. மும்பை டாடா மருத்துவமனையின் 20 மி.கி. நிவோலுமாப் ஆய்வைச் சொல்லி மிகக் குறைந்த அளவை யாராவது பரிந்துரைத்தால், அந்த ஆய்வு தலை-கழுத்துப் புற்றுநோயில் நடந்தது என்பதை நினைவில் வையுங்கள். பணமே இல்லாத நிலையில் அது பேசத் தகுந்த வழி; முழு அளவுக்குச் சமம் என்று சிறுநீரகப் புற்றுநோயில் நிறுவப்படவில்லை. லென்வாடினிப்புக்கு இந்திய ஜெனரிக் கிடைப்பதால் மாத்திரைச் செலவு அந்த ஜோடியில் குறையும். எந்த மாத்திரையானாலும் பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாத இடத்தில் வாங்காதீர்கள்.

இன்னொரு கணக்கு தூரம். இரட்டை ஊசியின் முதல் நான்கு மாதத்தில், இரவு பன்னிரண்டு மணிக்கு வயிற்றுப்போக்கு என்றாலும் இந்த மருந்தைத் தெரிந்த ஒருவரிடம் பேச முடிய வேண்டும். பக்கத்து ஊர் மருத்துவமனையில் "கீமோ நோயாளி" என்று நினைத்து ஆன்டிபயாட்டிக் போட்டு அனுப்பிவிடும் ஆபத்து உண்மையானது. மருந்தின் பெயர், கடைசி ஊசி தேதி, புற்றுநோய் மருத்துவரின் எண், "ஸ்டீராய்டு தேவைப்படலாம்" என்ற வரி ஆகியவற்றை எழுதிய அட்டை ஒன்று பையில் எப்போதும் இருக்கட்டும். அப்படிப் பேச ஆள் இல்லாத இடத்தில் இருப்பவருக்கு, நிறுத்தினால் இரண்டு நாளில் இறங்கிவிடும் ஆக்சிடினிப் உள்ள ஜோடி பாதுகாப்பானது என்றே நாங்கள் சொல்வோம், புள்ளிவிவரத்தில் இரட்டை ஊசி பொருந்தினாலும்.

முதல் ஸ்கேனுக்குப் பிறகு

பன்னிரண்டாவது வாரம் வாக்கில் முதல் ஸ்கேன். கட்டி பெரிதாகத் தெரிந்து பிறகு சுருங்கும் போலி வளர்ச்சி சிறுநீரகப் புற்றுநோயில் அரிது. நோயாளி நன்றாக இருந்து, வளர்ச்சி சிறிதாக இருந்தால் நான்கு முதல் எட்டு வாரத்தில் இன்னொரு ஸ்கேன் பார்க்கலாம். எடை இறங்குகிறது, வலி கூடுகிறது என்றால் காத்திருக்காமல் மாற்ற வேண்டும். இரட்டை ஊசியில் தொடங்கியவருக்கு அப்போது காபோசான்டினிப் போன்ற மாத்திரைகள் எல்லாமே மிச்சம் இருக்கும். மாத்திரையோடு தொடங்கியவருக்கு வேறொரு மாத்திரை. அதன்பின், 2023 டிசம்பரில் எஃப்டிஏ அனுமதித்த பெல்சுடிஃபான் என்ற மாத்திரை, ரத்தசோகையும் ஆக்சிஜன் குறைவும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே.

மாற்றும்போது பழைய ஊசியையும் கூடவே தொடர்வதா? 522 பேரைச் சேர்த்த கான்டாக்ட் 03 ஆய்வில், இம்யூனோதெரபியை மீறி நோய் வளர்ந்தவர்களுக்குக் காபோசான்டினிப்போடு அட்டெசோலிசுமாப் ஊசியைச் சேர்த்தார்கள். நோய் கட்டுக்குள் இருந்த காலம் 10.6 மாதம். காபோசான்டினிப் மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 10.8. இம்யூனோதெரபியில் இருக்கும்போதே நோய் வளர்ந்தது உறுதியானால் அந்த ஊசியை நிறுத்திவிடலாம்.